போனில் தெரியும் வைஃபை லேப்டாப்பில் தெரியலையா? 'நாட்டுக் குறியீடு' செய்யும் வேலை இது!

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவையை வீடியோ காலில் விரித்துக் காட்டி விற்பது இப்போ சகஜம். முந்தானையைக் காட்டும் நேரத்தில் படம் உறைந்து நின்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போயிடுவார். இதில் பலரையும் குழப்பும் ஒரு பிரச்னை உண்டு. ஒரே கடை, ஒரே ரவுட்டர். போனில் வைஃபை பெயர் தெரிகிறது. அமெரிக்காவில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த லினக்ஸ் லேப்டாப்பில் மட்டும் அந்தப் பெயரே இல்லை. கார்டு போச்சு என்று முடிவு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய செட்டிங் ஒன்று இருக்கிறது. அதுதான் நாட்டுக் குறியீடு.

டிரைவருக்கு எதுக்குங்க நாடு?

வைஃபை என்பது ரேடியோ. எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் பேசலாம் என்பதை ஒவ்வொரு நாட்டு அரசும் முடிவு செய்கிறது. இந்தியாவில் 2005-ல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டது. 2018 அக்டோபரில் 5 ஜிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிடப்பட்டது.

இந்தச் சட்டம் லேப்டாப்புக்கு எப்படித் தெரியும்? நம்ம ஊர் தறியை வைத்தே சொல்லலாம். ஜக்கார்டு தறியில் டிசைன் தறிக்குள் இல்லை, மேலே தொங்கும் துளை போட்ட அட்டையில் இருக்கிறது. அட்டையை மாற்றினால் அதே தறி வேறு டிசைன் நெய்யும். லினக்ஸிலும் இதே கதைதான். வைஃபை கார்டை இயக்கும் டிரைவர்தான் தறி. எந்த நாட்டில் எந்த சேனல் என்ற விதிகள் தனி ஃபைலில் இருக்கின்றன. நீங்கள் இருக்கும் நாட்டைச் சொன்னால், கெர்னல் அந்த நாட்டின் 'அட்டையை' எடுத்து டிரைவரிடம் கொடுக்கும்.

நாடு தப்பாக இருந்தால்?

2.4 ஜிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்க விதியில் லினக்ஸ் 11-வது சேனலோடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் ரவுட்டர் 13-வது சேனலில் ஓடினால், அமெரிக்கக் குறியீடு உள்ள லேப்டாப்புக்கு அப்படி ஒரு நெட்வொர்க்கே கிடையாது!

நாடே தெரியாவிட்டால் லினக்ஸ் '00' என்ற பொது விதிக்குப் போகும். எந்த நாட்டிலும் தப்பாகிவிடாதபடி அடக்கி வாசிக்கும் விதி இது. இதில் 5 ஜிகாஹெர்ட்ஸில் லேப்டாப் முதலில் வாய் திறக்காது, காது மட்டும் கொடுக்கும். அதனால் அந்த அலைவரிசையில் ஹாட்ஸ்பாட் போட முடியாது. பெயர் மறைத்து வைத்த நெட்வொர்க்கும் கண்ணில் படாது.

போனில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? சிம் இணைந்திருக்கும் மொபைல் நெட்வொர்க்கை வைத்தே ஆண்ட்ராய்டு நாட்டைத் தெரிந்துகொள்ளும். பெரும்பாலான லேப்டாப்பில் சிம் இல்லையே!

செக் பண்றது எப்படி?

டெர்மினலைத் திறந்து 'ஐடபிள்யூ ரெக் கெட்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'ஐஎன்' என்று வந்தால் இந்தியா. '00' அல்லது 'யுஎஸ்' என்று வந்தால், 'சுடோ ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்' கொடுத்துப் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தால் இது பழையபடி ஆகிவிடலாம், நிரந்தரமாக வைப்பதற்கான வழி டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ மாறும். இன்டெல் போன்ற சில கார்டுகளில் ஃபர்ம்வேரே நாட்டை முடிவு செய்யும், அங்கே இந்தக் கட்டளை எடுபடாது. அவசரத்துக்கு ஒரு சுலப வழி: ரவுட்டர் செட்டிங்கில் போய் சேனலை 1, 6 அல்லது 11-க்கு மாற்றிவிடுங்கள்.

'வேற நாட்டை வெச்சா சிக்னல் ஏறும்' – உண்மையா?

வேண்டாம். பல கார்டுகளில் தயாரிப்பாளர் வைத்த உச்சவரம்பு கார்டுக்குள்ளேயே இருக்கும். குறியீட்டை மாற்றினாலும் அதைத் தாண்டாது. தாண்டினால் நம் நாட்டு விதியை மீறியதாகும். 5 ஜிகாஹெர்ட்ஸில் சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அந்த சேனல்களில் ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்து, ரேடார் இல்லை என்று உறுதியான பிறகே பேசத் தொடங்கும். கரன்ட் போய் வந்ததும் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் தாமதமாக வருகிறதா? இது ஒரு காரணமாக இருக்கலாம்.

அட்டையை எழுதுவது யார்?

டெல்லியில் அரசிதழ் வெளியானால் உங்கள் லேப்டாப்புக்குத் தானாகத் தகவல் வராது. யாராவது ஒருவர் அந்த அறிவிப்பைப் படித்து, லினக்ஸின் விதி ஃபைலில் இந்தியாவுக்கான வரிகளைத் திருத்தி அனுப்ப வேண்டும். பராமரிப்பாளர் சரிபார்த்துச் சேர்த்த பிறகு, அப்டேட் வழியாக நமக்கு வரும். 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 6 ஜிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு 2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை வரைவு விதிகளை வெளியிட்டது. இதுபோன்ற ஒவ்வொரு விதியும் இரண்டு முறை எழுதப்பட வேண்டும்: அரசிதழில் ஒரு முறை, இந்த ஃபைலில் ஒரு முறை.

அந்த இரண்டாவது வேலைக்கு அரசுப் பதவி தேவையில்லை. அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். அரசு அறிவிப்பை ஆதாரமாகக் காட்டினால், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். காஞ்சிபுரத்திலேயே 2006 முதல் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இயங்கிவருகிறது. அவர்களின் இணையவழிச் சந்திப்புகள் தமிழிலேயே நடக்கின்றன. 'ஐஎன்' போட்டும் வைஃபை வரவில்லை என்றால், புது கார்டு வாங்கும் முன் அங்கே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.