மனைக்குப் பத்திரம் உண்டு, வீடு கட்டலாமா?

2008 ஜனவரி 9. ஸ்பெயினின் தெற்கே அல்மேரியா மாவட்டத்தில், வேரா என்ற ஊரில் ஒரு வீட்டை இயந்திரங்கள் இடித்துத் தள்ளின. பணி ஓய்வுக்குப் பிறகு வெயிலுள்ள ஊரில் வாழலாம் என்று பிரிட்டனிலிருந்து வந்த ஒரு தம்பதி ஆசையாகக் கட்டிய வீடு அது. ஆக்கிரமிப்பு ஏதுமில்லை. மனைக்குப் பத்திரம் இருந்தது, கட்டுவதற்கு நகராட்சியின் அனுமதியும் இருந்தது. ஆனால் அது கட்டடத்துக்கு உரிய நிலமே அல்ல, நகராட்சி அனுமதி கொடுத்ததே தவறு என்று அந்தலூசியா மாகாண அரசு ஆட்சேபித்தது. அனுமதி ரத்தானது, வீடு போனது. தப்பியது கார் ஷெட்டும் நீச்சல் குளமும்தான். அந்தத் தம்பதி பல ஆண்டுகள் அந்தக் கார் ஷெட்டிலேயே குடியிருந்தார்கள். அவர்கள் தரப்பைக் கேட்காமலே வழக்கு முடிக்கப்பட்டது தவறு என்று ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. இடிந்தது இடிந்ததுதான்.

வெளிநாட்டில் மனை வாங்கி வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது விலையை. அடுத்து, கடல் தெரியுமா என்று கேட்பார்கள். ஸ்பெயினில் முதலில் கேட்க வேண்டியது வேறு: சட்டத்தின் கணக்கில் இது என்ன நிலம்?

அங்கே நிலம் பொதுவாக மூன்று வகை. சாலை, குடிநீர், மின்சாரம், கழிவுநீர் வசதி வந்துவிட்ட ஊர் நிலம் ‘உர்பானோ’. இனிமேல் ஊராக வளர ஒதுக்கப்பட்டது ‘உர்பனிசாப்ளே’. விவசாயம், காடு, மேய்ச்சலுக்கானது ‘ருஸ்திகோ’. விளம்பரங்களில் ஆலிவ் மரங்களுக்கு நடுவே மலிவாகத் தெரிவது பெரும்பாலும் மூன்றாவது வகைதான். அதில் வீடு கட்ட விதிகள் கடுமையானவை, மாகாணத்துக்கு மாகாணம் மாறுபவை. வலென்சியாவில் ருஸ்திகோ நிலத்தில் ஒரு தனி வீட்டுக்குக் குறைந்தது ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் வேண்டும். அதிலும் கட்டடம் 2 சதவீதத்துக்கு மேல் இடத்தை அடைக்கக் கூடாது.

இரண்டாவது வகையிலும் சிக்கல் உண்டு. வலென்சியா மாகாணம் 1994-இல் கொண்டுவந்த நிலச் சட்டப்படி, ஒரு கட்டுமான நிறுவனம் ஒரு பகுதி முழுவதற்கும் திட்டம் போட்டு நகராட்சியின் ஒப்புதலைப் பெற்றுவிட முடிந்தது. அங்கே ஏற்கெனவே வீட்டோடு இருந்தவர் தன் நிலத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, புதுச் சாலைக்கும் விளக்குக்கும் பணமும் கட்ட வேண்டியிருந்தது. தோட்டத்தையும் இழந்து கையில் பெரிய பில்லோடு நின்ற வெளிநாட்டவர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை மனு கொடுத்தார்கள். 2009 மார்ச்சில் அது ஸ்பெயினைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு முன்பே அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டு, வலென்சியா வேறொன்றைக் கொண்டுவந்திருந்தது.

கடற்கரை என்றால் இன்னொரு சட்டம் குறுக்கே வரும். 1988-ஆம் ஆண்டுக் கடலோரச் சட்டம், கரை எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை உள்ள பகுதியில் புதிய குடியிருப்புகளைத் தடுக்கிறது. பழைய ஊர்ப் பகுதிகளுக்கு மட்டும் அது 20 மீட்டர்.

இவை எதையும் பத்திரம் சொல்லாது. நம் ஊரில் வில்லங்கச் சான்று போல, அங்கே பதிவகத்தில் ‘நோட்டா சிம்ப்ளே’ என்று ஒன்று கிடைக்கும். உரிமையாளர் யார், அடமானம் இருக்கிறதா என்பதை அதில் பார்க்கலாம். கட்ட முடியுமா என்பதற்கு நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் எழுத்துபூர்வமான சான்று வாங்க வேண்டும். பத்திரத்தில் கையெழுத்தாகும்போது உடனிருக்கும் நோட்டரி நடுநிலையான அரசு அலுவலர், வாங்குபவரின் வக்கீல் அல்லர். தரகரோ விற்பவரோ கைகாட்டும் வக்கீலை விட்டுவிட்டுத் தனியாக ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது.

செலவுக் கணக்கும் மனை விலையோடு நிற்பதில்லை. நிறுவனத்திடமிருந்து கட்டட மனை வாங்கினால் 21 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி. தனிநபரிடம் வாங்கினால் கைமாற்று வரி, அந்தலூசியாவில் அது 7 சதவீதம். விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவர் என்றால், விலையில் 3 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. தவறினால் அந்த மனையே வரிப் பாக்கிக்குப் பிணையாகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்கள், பாதுகாப்புக் காரணங்களுக்காக ஒதுக்கப்பட்ட சில கடலோர, தீவுப் பகுதிகளில் ருஸ்திகோ நிலம் வாங்க ராணுவத்தின் அனுமதியும் பெற வேண்டும்.

வீடு வாங்கினால் விசா என்ற காலமும் முடிந்துவிட்டது. 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கியவர்களுக்கு 2013 முதல் வழங்கிய ‘கோல்டன் விசா’வை ஸ்பெயின் 2025 ஏப்ரல் 3-இல் நிறுத்தியது. வீட்டுத் தட்டுப்பாட்டால் உள்ளூர்க்காரர்கள் கொதித்துப்போயிருப்பதுதான் காரணம். ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் வெளிநாட்டவர் வாங்கும் வீடுகளுக்கு விலையில் 100 சதவீதம் வரை வரி போடலாம் என்றும் பிரதமர் பெத்ரோ சான்செஸ் 2025 ஜனவரியில் யோசனை சொன்னார்.

இடிப்பு வழக்குகளால் ஒரு நன்மையும் விளைந்தது. 2015-இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டத்தின்படி, நல்ல நம்பிக்கையில் வாங்கியவர்களுக்குச் சேர வேண்டிய இழப்பீட்டுக்கு முதலில் உத்தரவாதம் பெற்ற பிறகே இடிக்க வேண்டும் என்று நீதிபதி நிபந்தனை விதிக்கலாம். அந்தலூசியாவும் 2019-இல் ஓர் அவசரச் சட்டம் போட்டு, விதிமீறிய வீடுகள் பலவற்றுக்குத் தண்ணீர், மின்சார இணைப்பு பெற வழி திறந்தது.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு இங்கேயும் இரண்டு விதிகள் உண்டு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரைதான் அனுப்பலாம். வாங்கிய மனையை வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டவும் வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரக்கூடும்.

ஸ்பெயின் வழக்கப்படி, முன்பணம் கொடுத்தவர் பின்வாங்கினால் அது போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். ஆகவே, ‘நகராட்சி கட்ட அனுமதிக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வரும்’ என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், வேறு மனை பாருங்கள்.