விரைந்த விரல்களும் கட்டுண்ட கண்களும்

மேடையில் நின்று வெறும் தொப்பியிலிருந்து முயலை எடுப்பவரை ஆங்கிலத்தில் ‘மெஜீஷியன்’ என்றே பெரும்பாலோர் அழைக்கின்றனர். அகராதியைப் புரட்டினால், அதே மனிதருக்கு ஆங்கில எழுத்துகள் பதினைந்தால் ஆன மற்றொரு பெயரும் உண்டு என்பது தெரியவரும். ‘பிரெஸ்டிடிஜிடேட்டர்’ என்பதே அது. முதன்முறை உச்சரிப்போரின் நாக்கு வழியில் எங்கேனும் ஓரிடத்தில் தடுக்கி நிற்கும். ஆங்கிலேயருக்கே இது சற்றுப் பகட்டான சொல்தான். புலமையைக் காட்ட விரும்புவோரும் வேடிக்கையாகப் பேசுவோரும் எடுத்தாளுகின்றனர். இது பிறந்த பிரெஞ்சு மொழியிலோ, ‘பிரெஸ்திதிஜிதத்தேர்’ என்பது சிறுவர்களும் அறிந்த சாதாரணச் சொல்.

சொற்களில் பலவற்றுக்குத் தந்தை யாரென்று தெரிவதில்லை. இச்சொல்லுக்குத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சில் வித்தை காட்டி வந்த ஜூல் த ரொவேர் என்பவரே இதை உருவாக்கியவர். அக்காலத்தில் அத்தொழிலைச் செய்தோருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று ‘எஸ்கமோத்தேர்’. சந்தையிலும் தெருமுனையிலும் கிண்ணங்களைக் கவிழ்த்துப் பந்துகளை மறைப்பவரை அது நினைவூட்டியது. மற்றொன்று ‘ஃபிசிசியேன்’, அதாவது இயற்பியலாளர்! மின்சாரமும் காந்தமும் புதுமையாக இருந்த நாள்களில், வித்தைக்காரர்கள் தங்களை விஞ்ஞானிகளாக அறிமுகப்படுத்திக்கொண்டனர். த ரொவேர் உயர்குடியில் பிறந்தவர். தம் குலப்பெருமைக்கு இவ்விரண்டும் பொருந்தவில்லை என்று கருதி, விரைவைக் குறிக்கும் ‘பிரெஸ்த்’ என்ற சொல்லோடு விரலைக் குறிக்கும் ‘திகிட்டுஸ்’ என்ற இலத்தீன் சொல்லை ஒட்டவைத்தார். விரைந்த விரல்களை உடையவர் என்பது பொருள். விளம்பரத் தாளில் அச்சேறியபோது அது எத்துணைக் கம்பீரமாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். சொல்லாக்கத்திலும் ஒரு வித்தை இருக்கத்தான் செய்கிறது.

அந்தத் ‘திகிட்டுஸ்’ நமக்கு அன்னியமானதன்று. விரல்விட்டு எண்ணும் வழக்கத்தால் விரலைக் குறித்த சொல் எண்ணையும் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தில் ‘டிஜிட்’ என்று இலக்கத்தைச் சொல்வது அதனால்தான். இலக்கங்களால் இயங்கும் கருவிகள் வந்தபின் ‘டிஜிட்டல்’ பிறந்தது. ஆக, கைப்பேசித் திரையை விரலால் தொட்டுப் பணம் அனுப்பும் நம் வாடிக்கையாளர், அறியாமலேயே அச்சொல்லை அதன் பழைய பொருளுக்கு அழைத்துச் செல்கிறார்.

விரலின் கதை அது. இனிக் கண்ணின் கதைக்கு வருவோம். த ரொவேர் தம் சொல்லை வெற்றிடத்தில் படைக்கவில்லை. ஏறத்தாழ அதே ஒலியுடன் ஒரு பழைய சொல் இலத்தீனிலேயே இருந்தது. வித்தைக்காரரை உரோமானியர் ‘பிரைஸ்திகியாத்தோர்’ என்றும், அவர் காட்டும் வித்தைகளைப் ‘பிரைஸ்திகியே’ என்றும் அழைத்தனர். இதன் வேரை அகராதிகள் இறுகக் கட்டுதல் என்னும் வினையில் காண்கின்றன. உரோமானியர் அவ்வினையைக் கண்ணோடு சேர்த்தும் வழங்கினர். கண்ணைக் கட்டுதல், கண்ணைக் கூசச் செய்து பார்வையை மழுக்குதல் என்று பொருள்பட்டது. இவ்விடத்தில் தமிழ் வாசகர் சற்றே நிமிர்ந்து உட்காரக்கூடும். நாம் வழிவழியாகச் சொல்லிவரும் ‘கண்கட்டு வித்தை’ இதுவேயன்றோ! ஒன்றையொன்று கண்டு எடுத்துக்கொண்ட சொற்கள் அல்ல இவை. தொலைவில் இருந்த இரு மக்கள் கூட்டத்தார் ஒரே காட்சியைக் கண்டு ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர்: வித்தை நிகழ்வது வித்தைக்காரரின் கையில் அன்று, பார்ப்பவரின் கண்ணில்.

நம்மிடம் ‘செப்பிடு வித்தை’ என்றும் ஒரு பெயர் உண்டு. செப்பு என்பது சிறு கிண்ணம், சிமிழ். உரோம நகரத்து வித்தைக்காரரும் சிறு கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றின் அடியில் கூழாங்கற்களைத் தோன்றவும் மறையவும் செய்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவஞானி செனெக்கா, நண்பருக்கு எழுதிய மடல் ஒன்றில் இந்தக் கிண்ணங்களையும் கற்களையும் குறிப்பிடுகிறார். ஏமாற்றப்படுவதே அவற்றில் இன்பம். எப்படி நிகழ்கிறது என்று தெரிந்துவிட்டால் ஈடுபாடு போய்விடும் என்பது அவர் கருத்து. அந்தக் கூழாங்கல்லுக்கு அவர் எழுதிய இலத்தீன் சொல் ‘கல்குலுஸ்’. கணக்குப் பார்க்கவும் உரோமானியர் கூழாங்கற்களையே பயன்படுத்தினர். எங்கள் மேசைமேல் இருக்கும் ‘கால்குலேட்டர்’ அதன் வழித்தோன்றல். வித்தைக்காரரும் கணக்கரும் ஒரே கல்லைத்தான் கையில் வைத்திருந்தனர் என்பதை, வணிகவியல் பயின்ற எங்களைப் போன்றோர் சற்றுக் கூச்சத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கண்கட்டைக் குறித்த ‘பிரைஸ்திகியே’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து என்னவாயிற்று தெரியுமா? ‘பிரெஸ்டீஜ்’ ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதன் பொருள் ஏமாற்று, மாயத்தோற்றம் என்பதே. பிறகு, பார்ப்பவர் கண்ணைக் கூசவைக்கும் புகழ் என்று பொருள் மாறி, 19ஆம் நூற்றாண்டில் மதிப்பு, கௌரவம் என்று நிலைத்துவிட்டது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு முதல் சமையற்கலம் வரை அப்பெயர் தாங்கி நிற்கிறது. விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே பழைய பொருள் நினைவில் இல்லாதது நல்லதுதான்.

விரலா, கண்ணா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தகுதி பெற்றவர் ஒருவர் உண்டு. நவீன மாயவித்தையின் தந்தை எனப் போற்றப்படும் ரொபேர் ஊதேன். 1805இல் ப்ளுவா நகரில் பிறந்த கடிகாரத் தொழிலாளி. 1845இல் பாரிசில் தமக்கெனச் சொந்த அரங்கம் திறந்தவர். பிற்காலத்தில் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற ஹூடினி, தம் மேடைப்பெயரை இவர் பெயரிலிருந்தே அமைத்துக்கொண்டார். த ரொவேரின் புதுச்சொல்லை ஊரறியச் செய்ததில் ஊதேனுக்குப் பெரும் பங்குண்டு. 1858இல் வெளிவந்த தம் வாழ்க்கை நினைவுகளின் தலைப்பிலேயே அதை வைத்தார். ஆயினும் அச்சொல் அவருக்கு முழு நிறைவு தரவில்லை. வித்தைக்காரருக்கு வேண்டியது விரல்களின் விரைவு அன்று, அவற்றின் திறமை. அசைவுகள் எவ்வளவு நிதானமாக இருக்கின்றனவோ அவ்வளவு எளிதாகப் பார்ப்போர் மயங்குவர் என்று அவர் எழுதினார்.

1856இல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கு மக்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்த சமயப் பெரியோரைவிடப் பிரெஞ்சுக்காரர் வல்லவர் என்று காட்டுவதே நோக்கம். மேடையில் சிறு பெட்டி ஒன்றை வைத்து, பலசாலி ஒருவரை அழைத்து அதைத் தூக்கச் சொன்னார், எளிதாகத் தூக்கினார். உம் வலிமையை நான் பறித்துவிட்டேன் என்று அறிவித்து மீண்டும் தூக்கச் சொன்னார். பெட்டி அசையவில்லை. பெட்டியின் அடியில் இரும்பு, மேடையின் அடியில் மின்காந்தம். அவ்வளவே. ஊதேனின் விரல்கள் அங்கே ஏதும் செய்யவில்லை. மின்சாரம் பெட்டியைப் பிடித்தது. அவர் சொன்ன ஒரு வாக்கியம் அந்த மனிதரையும் அவையையும் பிடித்தது.

இக்கதையை நாங்கள் விரித்துரைக்கக் காரணம் உண்டு. பணத்தை இழந்து கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பலர், முதியவர்கள் குறிப்பாக, “எனக்கு இந்த போன் சமாச்சாரம் தெரியாது சார், அதனால்தான்” என்று தலைகுனிந்து சொல்கின்றனர். தங்கள் விரல்கள் பழகவில்லை என்று எண்ணுகின்றனர். நடந்ததைக் கேட்டால் வேறு தெரியும். காவல் அதிகாரியென்று ஒருவர் பேசியிருப்பார். ‘டிஜிட்டல் கைது’ என்று சொல்லி, இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, மகனிடமும் பேசக் கூடாது என்று மணிக்கணக்கில் பிடித்து வைத்திருப்பார். வேறெங்கும் பார்க்கவிடாமல் கட்டப்பட்டவை கண்கள். பணத்தை அனுப்பிய விரல்கள் அவருடையவையே. அவை சரியாகத்தான் இயங்கின. கணினி வல்லுநரும் இவ்வாறு ஏமாந்திருக்கின்றனர். சட்டத்தில் ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இல்லை; பணம் பெறுவதற்கு யூபிஐ பின் தேவையில்லை; ஓடிபியை வங்கி ஒருபோதும் கேட்பதில்லை. பணம் போய்விட்டதென்று தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவித்தால், அது கைமாறும் வழியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு ஓரிரவு கழித்துச் சொன்னால் அவ்வாய்ப்பு குறைந்துவிடுகிறது. செனெக்காவின் கூற்று இங்கே தலைகீழாகிறது: எப்படி நிகழ்கிறது என்று தெரிந்தால் ஈடுபாடு போகும் என்றார் அவர். இந்த வித்தையில் அது போகத்தான் வேண்டும்.

எங்கள் தொழிலுக்கும் வித்தைக்காரர் சொற்களுக்கும் இன்னொரு உறவும் இருப்பதை மறைக்க விரும்பவில்லை. ‘பேங்க்’ என்பது இத்தாலிய நாணய மாற்றுநர் தெருவில் இட்டு அமர்ந்த பலகையின் பெயரிலிருந்து வந்தது. அதே போன்றதொரு பலகைமேல் ஏறி நின்று கூட்டம் சேர்த்துப் போலி மருந்து விற்றவரை ஆங்கிலத்தில் ‘மவுண்டபேங்க்’ என்றனர். பலகையில் ஏறியவர் என்பது நேர்ப்பொருள். தெருவில் கழைக்கூத்தும் வேடிக்கையும் காட்டியவரைப் பிரெஞ்சில் ‘சல்தேம்பாங்க்’ என்றனர், பலகையில் குதித்தவர். வங்கியர் அதில் அமர்ந்தார், மற்றவர் அதில் ஏறினார் என்பதே வேறுபாடு என்று சக அலுவலர் ஒருவர் நகைப்பதுண்டு.

த ரொவேர் வேண்டாமென்று ஒதுக்கிய ‘எஸ்கமோத்தேர்’ என்ற சொல்லும் அழிந்துவிடவில்லை. அதன் வினைச்சொல் பிரெஞ்சில் இன்றும் வழங்குகிறது. கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவும் அரசியல்வாதிக்கும், பையிலிருந்து பணப்பையை ஓசையின்றி எடுத்துவிடும் திருடனுக்கும் அதையே பயன்படுத்துகின்றனர். மேலெழுந்த விமானத்தின் சக்கரங்கள் உள்ளே மடங்கி மறைவதற்கும் அதே சொல்தான்.