விளையாட்டில் விளையும் பண்பு

"விளையாட்டு வினையாகும்" என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. கல்லெறிந்து விளையாடும் சிறுவனை அதட்டுவதற்கே அது பெரிதும் பயன்படுகிறது. ஆனால், 'வினை' என்ற சொல்லுக்குத் தீங்கு என்னும் பொருளோடு செயல் என்னும் பொருளும் உண்டு. அப்பொருளில் பார்த்தால் பழமொழி ஓர் உண்மையைச் சொல்லுகிறது. மூன்று வயதில் விளையாட்டாகப் பழகுவது முப்பது வயதில் செயலாக வெளிப்படுகிறது. நற்பண்பும் தலைமையும் சின்னஞ்சிறு குழந்தைகளிடம் விளையாட்டின் வழியே எவ்வாறு வளர்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் கண்முன் உள்ள ஓர் ஊரைப் பார்ப்போம். நம்மில் பலர் குடியிருக்கும், அல்லது நாள்தோறும் கடந்து செல்லும் மாதாப்பூரே அது. அங்கே 1998-ஆம் ஆண்டு சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டது. பாறையும் புதருமாய்க் கிடந்த நிலம் மாடமாளிகைகளாக மாறியது. இன்று அங்கே இருவகைக் குழந்தைகளைக் காணலாம். அடுக்குமாடிகளில் வாழும் குழந்தைகள் ஒரு வகை. இவர்களுக்குப் பொம்மைகள் நிறைய உண்டு; விளையாட நேரம்தான் இல்லை. இரண்டரை வயதிலேயே பென்சில் பிடிக்க வேண்டும். அதற்குமேல் 'தலைமைப் பயிற்சி' என்று மாலை வகுப்பும் உண்டு. அம்மாடிகளைக் கட்டுகின்ற தொழிலாளரின் குழந்தைகள் மற்றொரு வகை. இவர்களுக்கு நேரம் நிறைய உண்டு. பத்திரமான இடமும் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை.

ஆயினும், தலைமை என்பது யாது என்பதை இவ்விரண்டாம் வகையினரிடம்தான் நான் தெளிவாகக் கண்டேன். என் தெருவில் கட்டட வேலைக்காகக் கொட்டிய மணற்குவியலில் ஐந்தாறு குழந்தைகள் வீடு கட்டிக்கொண்டிருந்தனர். ஒருத்திக்கு ஆறு வயது இருக்கும். அவளே மேஸ்திரி. "நீ தண்ணீர் கொண்டு வா, நீ கல் கொண்டு வா" என்று தெலுங்கில் ஏவிக்கொண்டிருந்தாள். நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு லாரி ஓட்ட ஆசை. அவள் மறுத்தாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். இன்னும் இருவர் அவன் பின்னே போய்விட்டனர். மேஸ்திரி இருக்கிறாள், வேலையாட்கள் இல்லை! சற்று நேரம் நின்றாள். பிறகு உடைந்த செங்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். அதுதான் லாரி என்று கொடுத்தாள். வேலை மீண்டும் நடந்தது.

நண்பர்களே, இங்கே பாடம் நடத்தியவர் யார்? எவரும் இல்லை. விளையாட்டின் அமைப்பே பாடம் நடத்தியது. வகுப்பறையிலிருந்து குழந்தை எழுந்து போக முடியாது. விளையாட்டிலிருந்தோ எவரும் எப்போதும் விலகிப் போகலாம். ஆகவே விளையாட்டு நிலைக்க வேண்டுமானால் பிறர் விருப்பத்தை மதித்தே ஆகவேண்டும். விட்டுக்கொடுத்தல், காத்திருத்தல், சொன்ன சொல் தவறாமை ஆகியவற்றை இந்தத் தேவையே கற்பிக்கிறது. ஏவுவது தலைமை ஆகாது. பிறர் விரும்பி உடனிருக்கும்படி நடந்துகொள்வதே தலைமை.

இதனை அறிவியலாரும் ஆராய்ந்துள்ளனர். சோவியத் உளவியல் அறிஞர் வைகாட்ஸ்கி 1933-ஆம் ஆண்டு ஆற்றிய சொற்பொழிவில், விளையாடும் குழந்தை தன் அன்றாட நிலைக்கு மேலாக உயர்ந்து நிற்கிறது என்று விளக்கினார். அவர் வழிவந்த மனுயிலென்கோ என்பவர் இதைச் சோதித்தார். "அசையாமல் நில்" என்று சொன்னால் சிறு குழந்தை சிறிது நேரமே நிற்கும். "நீதான் காவற்காரன், காவல் காக்கிறாய்" என்று விளையாட்டில் சேர்த்துவிட்டாலோ அதைவிட நெடுநேரம் நிற்கும். கட்டளைக்கு அடங்காத உடல், தானே விரும்பி ஏற்ற வேடத்துக்கு அடங்குகிறது. தன்னடக்கத்தின் தொடக்கம் இதுவே அன்றோ?

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே, கோலிக்குண்டையே ஆராய்ச்சிக் கருவியாகக் கொண்டார். சிறுவர்களிடம் சென்று, "எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடு" என்று கேட்டார். சின்னஞ்சிறுவர், விதிகள் பெரியவர்கள் வகுத்தவை, மாற்றக் கூடாதவை என்றனர். ஆனால் ஆடும்போது ஆளுக்கொரு விதமாக ஆடினர்! வயது ஏற ஏற, விதி என்பது தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு என்று உணர்ந்தனர். அதன்பிறகே அதை உண்மையாகக் காத்தனர். 1932-இல் வெளிவந்த அவர் நூலின் கருத்து நாம் எண்ணத்தக்கது. அச்சத்தால் வரும் ஒழுக்கம் வேறு. சமமானவர் கூடிப் பழகுவதால் வரும் ஒழுக்கம் வேறு.

அப்படியானால் பெரியவர்களுக்கு வேலையே இல்லையா? உண்டு. மாரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதற் குழந்தைகள் இல்லத்தை 1907-இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் தனித்து விடப்பட்ட குழந்தைகளுக்காக எழுந்த இல்லம் அது. 1939-இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்; போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் பணிபுரிந்தார். அவர் முறையில் ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு குழந்தை அதை வைத்திருந்தால் மற்றது காத்திருக்க வேண்டும். "பொறுமையாக இரு" என்று நூறு முறை சொல்லுவதைவிட இவ்வேற்பாடு வலிது. வயதில் மூத்ததும் இளையதும் ஒரே அறையில் பழகும். மூத்தது இளையதற்குத் துணை நிற்கும்.

நம் நாட்டில் தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்னும் இருவர் மகாராட்டிரத்தின் போர்டி என்ற ஊரில் 1945-இல் இப்பணியை மேற்கொண்டனர். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே பள்ளி அவர்களுடைய முற்றத்துக்குச் சென்றது. கிளிஞ்சலும் இலையும் களிமண்ணுமே விளையாட்டுக் கருவிகள் ஆயின. முற்றத்துப் பள்ளி என்ற அக்கருத்தே 'அங்கன்வாடி'. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே அச்சொல் நாடெங்கும் பரவியது.

இதனால் பயன் உண்டா என்று கேட்பவர்க்கு அமெரிக்கச் சான்று ஒன்று உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் 1962 முதல் 1967 வரை, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். 58 பேர் பெரி மழலைப் பள்ளியில் பயின்றனர், ஏனையோர் பயிலவில்லை. அப்பள்ளியில் வளர்ந்த முறைப்படி குழந்தை தன் விளையாட்டைத் தானே திட்டமிடும், செய்யும், பிறகு செய்ததை எடுத்துச் சொல்லும். அறிவுத்திறன் தேர்வில் கிடைத்த முன்னேற்றம் சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. ஆனால், 40 வயதில் பார்த்தபோது, ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் பள்ளியில் பயின்றோரில் நூற்றுக்கு 36 பேர். பயிலாதோரில் 55 பேர். எஞ்சி நின்றது எண்ணும் எழுத்தும் அன்று. பண்பே என்பதைப் பொருளியல் அறிஞர் ஹெக்மன் பின்னர் எடுத்துக்காட்டினார்.

நமக்கு இது புதிதும் அன்று. சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவற்றைப் பிள்ளைத்தமிழில் வளர்ச்சிப் பருவங்களாகவே வைத்தனர் நம் புலவர். மணல்வீடும் ஒரு பருவம் என மதித்த மரபு நம்முடையது. நம் கண்ணாமூச்சியை இங்கே 'தாகுடு மூதலு' என்பர். பாண்டியாட்டத்தைத் 'தொக்குடு பில்ல' என்பர். பல்லாங்குழி 'வாமன குண்டலு' ஆகிறது. மொழி வேறு, ஆட்டம் ஒன்று.

இவ்வாட்டங்களில் ஒளிந்துள்ள நெறிகளைப் பாருங்கள். 'சாட் பூட் திரி' போட்டுத்தான் ஆளைத் தேர்கிறார்கள். செல்வர் மகனுக்கும் சலுகை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறவன் விரலிடுக்கில் பார்க்க முடியும், பாராதிருப்பதே நாணயம். மிகச் சிறியவனை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்கிறார்கள். வலியவர் மெலியவரைத் தாங்கும் அறம் அது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்டுப் பிரம்பைத் தேடுவோர் உண்டு. வளைப்பதற்குப் பிரம்பு வேண்டியதில்லை. நாள்தோறும் ஒரு மணி நேரம், முள்ளும் கம்பியும் இல்லாத சிறிது இடம், எட்ட நின்று பார்க்கும் ஒரு பெரியவர் — இவை போதும். சண்டை மூண்டால் உடனே தீர்ப்புச் சொல்லாமல், "இப்போது என்ன செய்யலாம்?" என்று அவர்களையே கேட்க வேண்டும். அடிதடி வந்தால் மட்டும் தடுக்க வேண்டும். தலைமை நாள்தோறும் கை மாறட்டும். முடிந்தபின் எல்லாரும் கூடி இடத்தைத் துப்புரவாக்கட்டும்.

2022-இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டம், மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டே கல்வியின் நடுநாயகம் என்று கூறுகிறது. ஏட்டில் உள்ளதை முற்றத்துக்குக் கொண்டுவருவது யார் கடமை? ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நம் சங்கத்தவர் நால்வர், பெற்றோர் இசைவோடு, ஒரு குடியிருப்பின் முற்றத்தில் விளையாட்டுக்குத் துணை நிற்கலாம். இருவகைக் குழந்தைகளும் அங்கே ஒன்றாகக் கூடினால் இன்னும் நன்று. நாளை ஒரே நகரில் வாழப்போகிறவர்கள் இன்றே ஒரே மணலில் வீடு கட்டிப் பழகட்டும்.