புரட்டாசி 4: தொட்டிகளை இடம் மாற்றும் நாள்

“ஆடிப்பட்டம் தேடி விதைக்கணும்பாங்க. இந்த ஊர்ல எந்தப் பட்டத்தைத் தேடுறது?”

பொங்கோலில் எங்கள் வீவக வீட்டு நடைபாதையில் நின்றுகொண்டு பாட்டி அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவர் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். ஆடியில் விதைத்தால், அடுத்து வரும் மழையில் பயிர் தழைக்கும் என்பது அவருடைய கணக்கு.

நானோ யூடியூப் காணொளிகளை நம்பினேன். செப்டம்பர் பிறந்துவிட்டால் அவற்றில் பல இலையுதிர்காலப் பணிகளைப் பட்டியலிடும். டூலிப் கிழங்கை நடுங்கள், உறைபனி விழுமுன் தக்காளியைப் பறித்துவிடுங்கள் என்று சொல்லும். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் சிங்கப்பூருக்கு இதில் எது பொருந்தும்? ‘இங்கே பருவமே கிடையாது, எப்போது விதைத்தாலும் ஒன்றுதான்’ என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவு தவறு என்பதைப் பாட்டியின் கறிவேப்பிலைச் செடிதான் காட்டிக்கொடுத்தது.

பழைய வீட்டிலிருந்து தொட்டியோடு அவர் கொண்டுவந்த செடி அது. முட்டிவலியால் அவரால் குனிய முடியாமல் போனதும், பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. சென்ற ஆண்டு அக்டோபரில் அதன் பக்கத்திலேயே வெண்டை விதைத்தேன். நாற்றுகள் நூல்போல் நீண்டு சாய்ந்தன. டிசம்பரில் கறிவேப்பிலை இலைகளும் மஞ்சளாகி உதிர்ந்தன. சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டேன். இன்னும் அதிகமாக உதிர்ந்தது. பாட்டி என்னைத் திட்டவில்லை. “அதுக்கும் வயசாயிடுச்சுப்பா” என்றார். அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

பாடப்புத்தகத்தில் இருந்த விடை

சூரியன் செப்டம்பர் 23 வாக்கில் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே செல்கிறது என்று புவியியல் பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால், அதை என் வீட்டு நடைபாதையோடு பொருத்திப் பார்த்ததே இல்லை.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, ஏறத்தாழ 1.3 பாகையில் இருக்கிறது. மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் 20 வாக்கு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அதன்பின் அடுத்த மார்ச் வரை தெற்கே இருக்கும். எங்கள் நடைபாதை வடக்குப் பார்த்தது. செடிக்கு வயதாகவில்லை, வெயில்தான் வீட்டின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது!

ஜனவரியில் தொட்டியைத் தெற்குப் பக்கச் சன்னலின் கம்பிக்கு உட்புறமாக வைத்தேன். சில வாரங்களில் தளிர் விட்டது. முதல் கொத்தைப் பறித்து ரசத்தில் போட்டார் பாட்டி.

நம் ஊர்ப் பட்டம்

ஆக, நம் ஊருக்கும் பட்டம் உண்டு. செப்டம்பரில் செய்யவேண்டிய வேலைகளும் உண்டு.

முதலில் திசையைப் பாருங்கள். கைப்பேசியில் உள்ள திசைகாட்டியே போதும். வடக்குப் பார்த்த இடமென்றால் வெயில் விரும்பும் செடிகளை மாற்றுங்கள். தெற்குப் பார்த்த இடமென்றால் உங்களுக்கு இப்போதுதான் நல்ல காலம் தொடங்குகிறது. வெண்டை, மிளகாய் நடலாம். கிழக்கு, மேற்குப் பார்த்த வீடுகளில் மாற்றம் குறைவு. தொட்டிகளை எங்கே நகர்த்தினாலும் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விடவேண்டும். கைப்பிடிச் சுவர்மீது வைக்கவே கூடாது.

இரண்டாவது வேலை மண். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை அதிகம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். தமிழகத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் அதே பருவக்காற்றுதான் இங்கும் வருகிறது என்றதும் பாட்டிக்கு மகிழ்ச்சி. மழைக்குமுன் தொட்டியின் அடித்துளைகளில் அடைப்பை நீக்கி, இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள். இறுகிய மண்ணின் மேல் தேங்கும் நீரிலும், தொட்டித் தட்டில் நிற்கும் நீரிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும்.

மூன்றாவது விதைப்பு. தொடக்கத்துக்குக் கீரையும் வெந்தயமும் நல்லவை. தேக்கா மளிகைக் கடையில் சமையலுக்கு வாங்கும் வெந்தயத்தையே இரவு ஊறவைத்துத் தூவலாம். மூன்று, நான்கு வாரங்களில் பறித்துவிடலாம். பெருமழை நாளில் நாற்றுகளை மட்டும் உள்ளே எடுத்துவையுங்கள்.

வீட்டில் எந்தப் பக்கமும் வெயில் இல்லையா? தேசியப் பூங்காக் கழகம் பல பூங்காக்களில் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலமுள்ள பாத்திகளை வாடகைக்கு விடுகிறது. சமூகத் தோட்டங்களுக்கான அதன் திட்டம் 2005 முதல் நடந்துவருகிறது. குடியிருப்புப் பேட்டைகளில் உள்ள அத்தோட்டங்களில் மூத்தவர்கள் பலர் இருப்பார்கள். கேட்டால் சொல்லித்தருவார்கள்.

பாட்டியின் கணக்கு வேறு மண்ணுக்கானது. காணொளிகளின் கணக்கு வேறு குளிருக்கானது. இரண்டையும் குறைசொல்லிப் பயனில்லை. வெயில் எங்கே விழுகிறது, மழை எப்போது வருகிறது என்று நம் வீட்டு வாசலில் நின்று பார்த்தால், நம் கணக்கை நாமே எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுத் தமிழ் நாட்காட்டியில் புரட்டாசி 4ஆம் தேதியை வட்டமிட்டு ‘தொட்டி மாற்றும் நாள்’ என்று எழுதியிருக்கிறேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

“திரும்ப எப்ப இந்தப் பக்கம் மாத்தணும்?”

“பங்குனி ரெண்டாவது வாரம் பாட்டி.”

“அதையும் எழுதி வை. மறந்துடப்போற.”