பாலாற்றில் சொன்னது நொய்யலில் செல்லுமா?

தீபாவளி நெருங்கினால் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இரண்டு பேச்சு தவறாமல் காதில் விழும். "போன வருஷம் போனஸ் குடுத்தீங்கல்லங்ணா" என்பார் டைலர். "அப்ப ஆர்டர் இருந்துச்சு, குடுத்தோம். அதையே வழக்கமாக்கிராதீங்க" என்பார் முதலாளி. முன்னுதாரணம் பற்றி வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடுவதும் இதைத்தான். ஒருவர் முன்பு நடந்ததைக் காட்டுவார். மற்றவர் அன்றைய நிலைமை வேறு என்பார்.

நீதிமன்றத்தில் இது முன்தீர்ப்பு. அரசியலமைப்பின் 141-ஆவது பிரிவுப்படி, உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் நாட்டின் மற்ற எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். தீர்ப்பின் ஒவ்வொரு வரியும் அல்ல, முடிவைத் தாங்கி நிற்கும் சட்டக் காரணம் மட்டும். நீதிபதி போகிற போக்கில் சொன்னதற்கு மதிப்பு உண்டு, கட்டாயம் இல்லை. சில உத்தரவுகளில் 'இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது' என்று நீதிபதிகளே எழுதிவிடுவதும் உண்டு. முதலாளி சொன்ன அதே வார்த்தை.

திருப்பூர் இதைக் கற்றது சாயக்கழிவு வழக்கில். அதற்கான முன்தீர்ப்பு வந்தது பாலாற்றிலிருந்து. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் மீதான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்டில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்றது. அதுவும் புதிதாகச் சொன்னதல்ல. அதே ஆண்டு ராஜஸ்தானின் பிச்ரி கிராம வழக்கில் வந்த தீர்ப்பை எடுத்தாண்டது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை தருகிறது. அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை வந்துவிடாது என்றும் சொன்னது.

பத்தாண்டு கழித்து, திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் ஆயக்கட்டு விவசாயிகளின் வழக்கு. சாயக்கழிவு ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகாதபடி செய்ய, 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது; அதுவரை லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறும் அபராதம். சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஏற்றுமதி, வேலைவாய்ப்பு என்ற அதே பழைய வாதம். 2009 அக்டோபரில் வேலூர் தீர்ப்பை எடுத்துக்காட்டி அதை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தோல் வேறு, துணி வேறு, காரணம் ஒன்று.

உத்தரவு நிறைவேறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். பாலாற்றங்கரைத் தோல் ஊர்களான ஆம்பூரையும் வாணியம்பாடியையும் பார்த்துச் சொன்ன வார்த்தை, ஏறத்தாழ 15 வருடம் கழித்துத் திருப்பூரில் மின் இணைப்பைத் துண்டித்தது.