மண்டபத்தில் இருப்போரும் தொலைவில் இருப்போரும்

விரிவாக்கப் பயிற்சிகளும் ஆசிரியர் கருத்தரங்குகளும் இக்காலத்தில் ஒரே வேளையில் இரு சபைகளுக்கு நடைபெறுகின்றன. ஒரு சபை மண்டபத்தில் அமர்ந்திருக்கிறது. மற்றது இணையத்தின் வழியே கேட்கிறது. ஏற்பாடுகள் யாவும் பெரும்பாலும் முதற்சபையை எண்ணியே செய்யப்படுகின்றன. இரண்டாவது சபை சன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்போரைப் போல இருந்துவிட்டுக் கலைந்து போகிறது.

தொலைவிலுள்ளோரைச் சபையினராக்குவது எங்ஙனம் என்னும் கேள்விக்கு நம் நாட்டிலேயே பழைய விடை ஒன்று உண்டு. 1956-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோவின் ஒத்துழைப்புடன், புனா நிலையத்திலிருந்து கிராம வானொலி மன்றங்களுக்கென 20 நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. வாரம் இருமுறை, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஏறத்தாழ 150 கிராமங்களில் மன்றங்கள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் கூட்டுநர் ஒருவர் இருந்தார். நிகழ்ச்சி முடிந்தவுடன் உறுப்பினர் விவாதித்தனர். எழுந்த ஐயங்கள் நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. பின்வந்த நிகழ்ச்சிகளில் விடை கிடைத்தது. டாட்டா சமூக விஞ்ஞானக் கழகம் இதன் பயனை மதிப்பிட்டபோது, மன்றமுள்ள கிராமங்களில் அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்த கிராமங்களில் அத்தகைய வளர்ச்சி காணப்படவில்லை. கருவி ஒன்றே, கூடிப் பேசுவதும் விடை பெறுவதுமே வேற்றுமை.

ஆகவே தொலைவிலுள்ளோரைத் தனித்தனியே விடாது, பள்ளியிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ பத்துப் பதினைந்து பேராகக் கூட்டுவது நலம். அங்கே ஒரு கூட்டுநர் வேண்டும். மண்டபத்திலும் அவர்தம் கேள்விகளை ஏந்தி எழுப்புவதையே பணியாகக் கொண்ட ஒருவர் வேண்டும். அப்பணியைப் பேச்சாளரிடமே ஒப்படைப்பது வீண்.

அடுத்தது ஒலி. படம் மங்கினால் சபை பொறுத்துக்கொள்ளும். சொல் மங்கினால் எழுந்துவிடும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவு இருமடங்கானால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறைகிறது. சுவர்களில் பட்டு மீளும் எதிரொலியோ அநேகமாகக் குறைவதில்லை. மேசை நடுவே வைத்த ஒற்றை ஒலிவாங்கி எதிரொலியையே மிகுதியாக அனுப்புவது இதனாலேயே. ஒலிபெருக்கி, ஒலிவாங்கியை நோக்கியிருப்பின் ஊளையிடும். அதனைச் சபையை நோக்கி முன்தள்ளி வைத்தல் வேண்டும். மண்டபத்தில் ஒலிவாங்கியின்றி எழும் கேள்வியைத் தலைவர் திருப்பிச் சொன்ன பின்னரே விடை கூறப்பட வேண்டும்.

தாமதமும் உண்டு. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள துணைக்கோள் வழியே செல்லும் குரல் மறுமுனையை அடையக் கால் வினாடி ஆகிறது. விடை திரும்ப மேலும் கால் வினாடி. இணைய ஒளிபரப்புகளில் இது பல வினாடிகளாகவும் நீளும். “கேள்வி உண்டா?” என்று கேட்டவுடனே அடுத்த பொருளுக்குத் தாவும் தலைவருக்குத் தொலைவிலிருந்து கேள்வியே வாராது. முதற்கேள்வியை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டால் இக்குறை தீரும்.

மண்டபத்தில் கைமாறிச் செல்லும் நோயுற்ற இலையும் மண் மாதிரியும் திரையில் வெறும் படங்களே. அவற்றை முன்னதாகவே அனுப்பலாம்; அன்றிக் கூட்டுநரைத் தம் வயலிலிருந்தே கொண்டுவரச் சொல்லலாம். அப்பொழுது மண்டபத்தார் கண்டிராத ஒன்றைத் தொலைவிலிருப்போர் காட்டுவதும் நேரும். நேரமின்மையால் நின்றுபோன கேள்விகளுக்கு எழுத்து மூலமான விடை, ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு கூட்டுநருக்கும் சென்று சேர வேண்டும்.