புயலை அடக்கிய கூந்தல் தைலம்

கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கப்போகிறது என்று வானிலை அலுவலகம் எச்சரிக்கிறது. ஊரே பதறுகிறது. ஆனால் புயல் வரவில்லை. அது எங்கே போனது என்று விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். விடை தெரிந்தவர், இலங்கைக்குக் கப்பலேறிய ஒரு பயணி மட்டுமே. காய்ச்சலில் முடி கொட்டிப்போன அவருக்கு மகள் கொடுத்தது ஒரு புட்டி ‘குந்தளின்’ தைலம். அதைக் கொந்தளிக்கும் கடலில் வீசினார், அலைகள் அடங்கிவிட்டன.

1896-ல் இந்தக் கதையை எழுதியவர் ஜகதீஷ் சந்திர போஸ். மின்காந்த அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கவைத்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டிய அதே இயற்பியலாளர்தான். தைல வியாபாரி ஹேமேந்திர மோகன் போஸ் ஒரு சிறுகதைப் போட்டி அறிவித்திருந்தார். கதையில் தைலத்தின் பெயர் வர வேண்டும். விளம்பரம் போலவும் தெரியக்கூடாது. ஜகதீஷின் வங்க மொழிக் கதைக்கு முதல் பரிசு கிடைத்தது. 1921-ல் அதை அவர் விரித்தெழுதித் தன் ‘அவ்யக்த’ நூலில் சேர்த்தார்.

கதை வேடிக்கைதான். ஆனால் அதன் அறிவியல் வெறும் கப்சா அல்ல. லண்டன் கிளாப்ஹாம் குளத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். சுமார் அரை ஏக்கர் நீர்ப்பரப்பு கண்ணாடி போல் ஆனதை 1774-ல் பதிவும் செய்தார். நீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவும் எண்ணெய், காற்று எழுப்பும் சிற்றலைகளைத் தணித்துவிடுகிறது. புயலை நிறுத்த அதற்குச் சக்தி கிடையாது. அந்த இடத்தில்தான் ஜகதீஷின் கற்பனை தொடங்குகிறது.

அக்கால இந்திய அறிவியல் புனைகதைகளில் இன்னொன்றுக்குச் சென்னையோடு நேரடித் தொடர்பு உண்டு.

வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’, 1905-ல் சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில் வெளியானது. கமலா சத்தியநாதன் நடத்திய பத்திரிகை அது. கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள். ஆட்சி பெண்கள் கையில். அங்கே பெண்களுக்கென இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று மேகத்திலிருந்து நேரே நீரெடுக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. படையெடுத்து வந்த எதிரியை அந்த வெப்பமே விரட்டுகிறது. சமையலும் வெயிலில்தான், அடுப்படியில் புகையே இல்லை.

அறிவியல் புனைகதைக்கென்றே ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கியது 1926-ல். அதற்கு 21 ஆண்டுகள் முன்பே சென்னையில் ரொக்கேயாவின் கதை அச்சாகிவிட்டது. நம் நாட்டு அறிவியல் புனைகதையை வெறும் மேற்கத்திய இறக்குமதி என்று ஒதுக்குவது தவறு. ‘சுல்தானாவின் கனவு’ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே மூச்சில் படித்துவிடலாம்.